வாக்குரிமையும் விடுதலையும்



வாக்களிப்பதால் விடுதலை வந்துவிடுமா என்று சிலர் வினவுகின்றனர். வாக்கு அற்றவரின் கதி யாதென முதலில் நோக்குவோம்.

டொனமூர் யாப்பு பூரண சுயராச்சியம் தரவில்லையென்று 1931இல் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் தேர்தலைப் பகிஷ்கரிக்கச் செய்தது. நோக்கம் உயர்ந்ததே! ஆயினும் நான்கு ஆசனங்கள் 1934 வரை வெறுமையாய்க் கிடந்தன. அரசாங்க சபை அவர்களுக்காகக் காத்திருக்கவில்லை.

1947இல் மலையக மக்கள் தலவாக்கலையில் சி. வி. வேலுப்பிள்ளையையும், வேறு தொகுதிகளில் அவர்தம் தோழர்களையும் தெரிந்தனுப்பினர். அடுத்த ஆண்டே பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் வாக்குரிமையும் பறிபோயிற்று. பயனற்ற பொருளாயின் அதனைப் பறிக்க எவரேனும் இத்துணை விரைவாரோ? 1964இல் சிறிமா - சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. அம்மக்களை ஒரு வார்த்தை கேட்டாரில்லை. வாக்கற்றவர் எண்ணப்படுவர், அவர் எண்ணம் கேட்கப்படமாட்டாது.

ஆயின் வாக்கு மாத்திரம் போதுமோ? போதாது. 1956இன் தனிச் சிங்களச் சட்டமும் பாராளுமன்றத்தில் வாக்கெடுத்தே நிறைவேற்றப்பட்டது. எண்ணிக்கையிற் சிறியோருக்கு, யாப்பின் காவலும் கட்டுக்கோப்பான இயக்கமும் இன்றேல், வாக்குத் தனித்து நின்று காக்காது. மலையகத்தார் தொழிற்சங்கமாய்த் திரண்டு நின்றே, 1988, 2003ஆம் ஆண்டுச் சட்டங்கள் வழியாகப் பிரசாவுரிமையை மீளப் பெற்றனர்.

ஆகவே வாக்குச் சாவடிக்குத் தவறாது செல்லுங்கள். வாக்களித்தபின் வீடு திரும்பி உறங்கிவிடாதீர்கள். அனுப்பிய பிரதிநிதியிடம் ஆண்டுதோறும் கணக்குக் கேளுங்கள்!