இல்லறத்தில் விசுவாசம்



கிறிஸ்தவ இல்லறத்தைப் பற்றிப் பேசுமாறு நம்மைப் பணித்தவர்கள், பண்டிகைப் பலகாரம் போன்ற இனிய உரையை எதிர்பார்த்திருக்கக் கூடும். ஆயினும் விசுவாசத்தைப் பேசப் புகுந்தால், அது முறியும் இடத்தையும் சொல்லத்தான் வேண்டும்.

ரயில்வே ஊழியர் ஒருவர் பணியிலிருக்கும்போதே காலமானால், குடும்பத்துக்குச் சேரவேண்டிய தொகைகளுக்குக் காகிதம் தயாரிப்பது எங்கள் பிரிவின் வேலை. சில ஆண்டுகளுக்கு முன் அவ்வாறு ஒருவர் காலமானார்; ஞாயிறுதோறும் கோயிலுக்குச் செல்பவர் என்று பெயர் பெற்றவர். அவர் மனைவி வந்தார். பாஸுக்காக எழுதிக்கொடுத்த குடும்ப விவரத்தில் அவர் பெயரே இருந்தது. மறுவாரம் இன்னோர் அம்மையார், எட்டு வயதுச் சிறுவனைக் கையில் பிடித்தபடி வந்து, தாமும் மனைவியே என்றார். மனைவி உயிருடன் இருக்க மறுமணம் கூடாதென்று 1966-ஆம் ஆண்டு ரயில்வே ஊழியர் நடத்தை விதிகள் கூறுகின்றன. அந்தச் சிறுவன் விதியைக் கண்டானா?

வெட்கத்துடன் சொல்கிறோம்: எங்களில் பலருக்கு இது முன்பே தெரியும். "லைனுக்குப் போயிருக்கிறார்" என்று கண்சிமிட்டிச் சிரித்தோம். ஒரு பெண்ணைப் பற்றி அப்பேச்சு எழுந்திருந்தால் காலனியே காறித் துப்பியிருக்கும்.

இந்த ஓரவஞ்சனை சட்டத்திலும் இருந்தது. கிறிஸ்தவர்களுக்கென 1869-இல் ஏற்பட்ட இந்திய விவாகரத்துச் சட்டப்படி, மனைவி தவறினாள் என்பது ஒன்றே கணவனுக்குப் போதும். கணவன் தவறினாலோ, அதனுடன் கொடுமை, ஈராண்டு கைவிட்டமை போன்ற வேறொரு குற்றத்தையும் மனைவி மெய்ப்பிக்க வேண்டும். 132 ஆண்டுகள் கழித்து, 2001-இல்தான் இவ்வேற்றுமை நீங்கியது. 1860-ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தின் 497-ஆம் பிரிவோ, பிறன் மனைவியைச் சேர்ந்த ஆடவனைத் தண்டித்தது. ஆனால் அவள் கணவன் சம்மதித்திருந்தால் குற்றமே இல்லை! மனைவி என்ன, வாடகைச் சைக்கிளா? தவறிய ஆடவனின் சொந்த மனைவிக்கோ முறையிடும் உரிமையே கிடையாது. உச்ச நீதிமன்றம் 27-9-2018 அன்று அப்பிரிவைச் செல்லாதெனத் தீர்த்தது. "இனி இது குற்றமன்று" என்று மகிழ்ந்த சிலரையும் கண்டோம். மணவிலக்குக்கு அது இன்றும் காரணமே என்பதை அவர்கள் படிக்கவில்லை.

யோவான் சுவிசேஷம் 8-ஆம் அதிகாரத்தில், விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணை இயேசுவின் முன் நிறுத்துகிறார்கள். மோசேயின் சட்டம் இருவருக்குமே ஒரே தண்டனை விதித்திருந்தது. அந்த ஆடவன் எங்கே? அவனை இழுத்துவர ஒருவருக்கும் தோன்றவில்லை. இயேசு குனிந்து தரையில் எழுதுகிறார். பாவமில்லாதவரே முதலில் கல்லெறியலாம் என்று அவர் சொன்னதும், முதியோர் தொடங்கி ஒவ்வொருவராய் நழுவுகின்றனர். அவளை அவர் தண்டிக்கவில்லை. தவற்றைச் சரியென்றும் சொல்லவில்லை. இனிப் பாவம் வேண்டாமென்று அனுப்பினார். மலைப்பிரசங்கத்திலோ ஆடவனுடைய இச்சைப் பார்வையையே விபசாரம் என்கிறார். கைப்பேசியை ஒளித்துவைத்துப் பார்ப்போருக்கு, "பார்த்தது மட்டுந்தானே" என்ற சாக்குக்கும் இடமில்லை.

இதைப் பாதிரியார் பேச்சென்று ஒதுக்குவோருக்கு ஒரு சொல். 2009-ஆம் ஆண்டு முதல் நம் அல்சூர் ஏரிக்கரையில் சிலையாய் விளங்கும் வள்ளுவரும், "பிறனில் விழையாமை" என்னும் 15-ஆம் அதிகாரத்தில் ஆடவனைத்தான் கடிந்துரைத்தார்.

இரண்டாம் அம்மையாரைப் பற்றி அறிந்தபின், முதல் மனைவி மீண்டும் வந்தார். பணத்தைப் பற்றி ஏதும் கேட்கவில்லை. ஒரு தாளில் சில தேதிகளைக் குறித்துக் கொண்டுவந்திருந்தார்: ஒரு கிறிஸ்துமஸ் இரவு, மகளின் திடப்படுத்தல் ஆராதனை நாள், தம் தாயார் இறந்த நாள். "இந்த நாட்களில் அவர் மெய்யாகவே டியூட்டியில் இருந்தாரா, ஐயா? பதிவேட்டைப் பார்த்துச் சொல்லுங்கள்" என்றார்.

பதிவேடு பின்னாலிருந்த அலமாரியில் இருந்தது. அவர் சென்றபின் எடுத்துப் பார்த்தோம். மூன்று நாளும் ஓய்வு என்றே இருந்தது. அவரிடமோ, பழைய பதிவேடுகள் கிடைக்கவில்லை என்று ஏற்கெனவே சொல்லி அனுப்பிவிட்டோம்.