பிறர் பத்திரமும் அடைக்கலமே
(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம்மவர் வீட்டுப் பிள்ளைகள் சிலர் இந்நாளில் அமெரிக்காவிற் குடியேறி, வீடு வாங்கி வாழ்கின்றனர். அவர்தம் பெற்றோர், "அங்கே நோட்டரி என்பார் பத்திரக் கட்டோடு வீட்டிற்கே வருகின்றாராமே! அவரை எங்ஙனம் நம்புவது?" என்று வினவுகின்றனர். அவ்வினாவே இன்றைய பேச்சிற்குப் பொருளாயிற்று.

நம் நாட்டில் 1952-ஆம் ஆண்டு நோட்டரிச் சட்டத்தின்கீழ் அப்பதவி பெரும்பாலும் பல்லாண்டு வழக்காடிய வக்கீல்களுக்கே அளிக்கப்பெறும். கலிபோர்னியா மாகாணத்திலோ வக்கீலாயிருத்தல் வேண்டுவதில்லை. 18 வயது நிரம்பியவர், 6 மணி நேரப் பாடங் கேட்டுப் பரீட்சையில் தேறி, கைரேகைச் சோதனைக்கும் உட்பட்டால், 4 ஆண்டுகளுக்கு நோட்டரியாகலாம். அவருள், கையொப்பமிடுவோர் இருக்குமிடந் தேடிச் செல்வோரே நடமாடும் நோட்டரிகள். ஒப்பமிடுவார் இன்னாரே எனத் தெளிந்து சான்றிடுதல் அவர் தொழில்; சட்ட ஆலோசனை கூறுதல் அன்று.

அவர் கைப்பையில் இருப்பது யாது? வீட்டுக்கடன் கட்டொன்றில் ஒருவர்தம் பிறந்த நாள், வருமானம், வங்கிக் கணக்கு, சோஷியல் செக்யூரிட்டி எண் முதலியன யாவும் அடங்கும். இவை தீயோர் கையிற் சிக்கின், அவர் பெயராற் கடன் பெறவும், கள்ளப் பத்திரம் எழுதி வீட்டையே கவரவும் வழியாகும். ஒரு குடும்பத்தின் வாழ்நாள் உழைப்பே அக்கட்டினுள் இருக்கின்றது எனல் மிகையன்று.

நம் முன்னோர் இத்தகைய பொருளுக்கு அடைக்கலம் என்று பெயரிட்டனர். சிலப்பதிகாரத்தில் அடைக்கலக் காதை என ஒரு காதையே உண்டன்றோ? அங்கே அடைக்கலமானவள் கண்ணகி, இங்கே காகிதம். காப்பாரின் கடமை ஒன்றே.

இக்காவல் இருவகைப்படும்: வைத்துக் காத்தல், வையாது காத்தல் என.

வைத்துக் காக்க வேண்டுவது நோட்டரியின் பதிவுப் புத்தகம். நாள், நேரம், பத்திர வகை, ஒப்பமிட்டாரின் கையொப்பம், அவரை அறிந்த சான்று, பெற்ற கூலி ஆகியவற்றை அதில் வரிசையாக எழுதுதல் வேண்டும். வீடு நிலம் பற்றிய கிரயப் பத்திரங்களுக்கும் அதிகாரப் பத்திரங்களுக்கும் வலப் பெருவிரல் ரேகையும் பெறல் வேண்டும். அப்புத்தகத்தையும் முத்திரையையும் பூட்டிய இடத்தில் தம் ஒருவர் பொறுப்பிலேயே வைத்தல் வேண்டுமென அம்மாகாணச் சட்டம் விதிக்கின்றது. சம்பளங் கொடுக்கும் முதலாளியும் அவற்றைத் தமதாக்கிக்கொள்ளுதல் ஆகாது. களவு போயின், மாகாணக் காரியதரிசிக்கு உடனே அறிவித்தல் கடன். பதவி நீங்கினால், 30 நாளுக்குள் புத்தகத்தைக் கவுண்டி அலுவலகத்தில் ஒப்படைத்தல் வேண்டும்.

வையாது காக்க வேண்டுவன ஏனைய யாவும். கடன் கட்டுக்கள் இக்காலத்து மின்னஞ்சல் வழியே வருகின்றன. நோட்டரி தம் வீட்டில் அச்சிட்டு எடுத்துச் செல்கின்றார். அவ்வேலை முடிந்தபின் கணினியிலுள்ள படியை அழித்தல் வேண்டும். பழுதான தாள்களைக் குப்பையில் எறியாது பொடிப்பொடியாக நறுக்குதல் வேண்டும். காரில் கட்டை விட்டுவிட்டு உணவருந்தச் செல்லுதலும், கைப்பேசியிற் படமெடுத்து வைத்தலும் அறவே ஆகா. ஒப்பமான பத்திரங்களைத் தாமதமின்றிச் சேர்ப்பித்து, இரசீதும் பெறல் வேண்டும்.

இனி நுட்பமான ஒன்றுண்டு. பதிவுப் புத்தகத்தில் ஒருவர் கையொப்பமிடும்போது, அதே பக்கத்தில் முன்னையோர் பெயரும் முகவரியும் அவர் கண்ணிற் படும். ஆதலின், கவனமுள்ள நோட்டரி மேல்வரிகளை ஓர் அட்டையால் மறைத்தே புத்தகத்தை நீட்டுவார். அச்சிறு அட்டையைக் காணின் அவரை ஓரளவு நம்பலாம். பெட்டகத்தைப் பூட்டிவிட்டு வாயைத் திறந்துவைப்பவரை நம்புதல் ஆகாது. முந்திய வீட்டின் கடன் கதையை நம்மிடம் உரைப்பவர், நம் கதையை அடுத்த வீட்டில் உரைப்பார்.

அன்பர்களே! இச்செய்தி கடல் கடந்தார்க்கு மட்டும் உரியதன்று. கல்வி உதவி வேண்டி நம் சங்கத்திற்கு விண்ணப்பிக்கும் மாணவர் தம் மதிப்பெண் சான்று, பெற்றோர் வருமானச் சான்று, ஆதார் நகல், வங்கிப் புத்தகத்தின் நகல் ஆகியவற்றை நம்மிடம் ஒப்படைக்கின்றனர். வறுமையை வெளியிற் சொல்ல நாணும் தாயொருத்தி, நம்மை நம்பியன்றோ அவ்வருமானச் சான்றை நீட்டுகின்றாள்! அது மேசைமேற் கிடந்து, வருவோர் போவோர் கண்ணிற் படுதல் தகுமா?

ஆகலின் நிர்வாக சபையாரை யான் வேண்டுவன மூன்று. முதலெட்டு எண்களை மறைத்த ஆதார் நகல் போதுமாயின், அதனையே பெறுக. விண்ணப்பங்களைப் பூட்டிய பீரோவில் வைத்து, சாவியை ஒருவர் பொறுப்பில் விடுக. உதவி வழங்கிக் கணக்கும் முடிந்தபின், சட்டத்திற்கும் தணிக்கைக்கும் வேண்டுவன தவிர, ஏனைய நகல்களை உரியவரிடம் திருப்பிக் கொடுக்க. அல்லது அவர் அறிய அழித்துவிடுக.

பொருளுதவி செய்தல் பெரிது. பெறுவோர் மானங் காத்து உதவுதல் அதனினும் பெரிது.