பழைய கைத்தொலைபேசியும் ஏடு பெயர்த்தலும்

இலக்கிய நிகழ்ச்சியொன்றிலே கைத்தொலைபேசியைப் பற்றிப் பேச வந்திருக்கிறானே இவன் என்று தங்களிற் சிலர் எண்ணக்கூடும். சென்ற ஆவணி மாதத்தில் என்னுடைய பழைய கைத்தொலைபேசி பழுதடைந்தது. அதற்குப் பதிலாக வேறொன்றைத் தெரிவு செய்ய நான் பட்ட பாடு, கடைசியில் என்னை ஏட்டுச் சுவடிகளிடத்தும் பாடபேதங்களிடத்தும் கொண்டுபோய் விட்டது. எனவே இது இந்த நிகழ்ச்சிக்குப் புறம்பான விடயமாகாது என்ற துணிவோடுதான் பேச வந்திருக்கிறேன்.

2010ஆம் ஆண்டில், ஆசிரியத் தொழிலில் நிலைபெற்ற புதிதில், யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதிப் பக்கத்துக் கடையொன்றில் வாங்கிய போன் அது. பட்டன் போன் என்று எல்லோரும் சொல்லும் வகை. தலைமாட்டில் ஒரு சிறிய ரோர்ச் லைற் உண்டு. மின்சாரம் நின்ற இரவுகளில் அந்த வெளிச்சத்திலேயே விடைத்தாள் திருத்தியிருக்கிறேன். கிணற்றடியில் விழுந்தது, சைக்கிள் கூடையிலிருந்து தார் வீதியில் விழுந்தது. எடுத்துத் துடைத்தால் மறுபடியும் பேசியது. 2020இல் கொரோனாவினாற் பாடசாலைகள் மூடப்பட்டு, பாடமெல்லாம் வட்ஸ்அப்பில் நடந்த காலத்திற்கூட மனைவியின் போனை இரவல் வாங்கித்தான் படிப்பித்தேன். சக ஆசிரியர்கள் என் போனைத் தொல்பொருள் என்பார்கள். நானும் சிரித்துக்கொண்டு விட்டுவிடுவேன்.

முதலில் ஐந்தாம் இலக்கம் வேலை செய்ய மறுத்தது. பின்னர் பட்டியலிற் கீழே இறங்கும் விசை போயிற்று. திரையின் கீழ்ப்பாதி மங்கி, விரலால் அழுத்திப் பிடித்தால் மட்டும் எழுத்துத் தெரிந்தது. ஒருநாட் காலையில் பின்மூடி தானாகவே கழன்றிருந்தது. உள்ளே பற்றரி, நீரில் ஊறிய உழுந்துபோல உப்பியிருந்தது.

திருத்துகிற பெடியன் மூடியைத் திறந்து பார்த்தவுடனேயே தலையை ஆட்டினான்.

"சேர், இதை இனிச் சார்ஜிலை போடாதேங்கோ. குத்தியும் போடாதேங்கோ. உள்ளுக்கு இருக்கிற திரவம் பழுதாகி வாயு வந்திட்டுது, அதுதான் வீங்கியிருக்கு. வேறை பழைய பற்றரி ஒண்டு போட்டுத் தாறன். ஆனால் டிஸ்பிளே இரண்டு மூண்டு கிழமைக்கு மேலை நிக்காது."

"உள்ளே இருக்கிற மெசேச்சுகளை வேறை போனுக்கு மாத்தலாமோ, தம்பி?"

"சிம்மிலை இருந்தால் மாத்தலாம். இது எல்லாம் போனுக்குள்ளைதான் கிடக்குது. ஏதும் முக்கியமானதெண்டால் பாத்து எழுதி வையுங்கோ சேர்."

முக்கியமானவைதாம். எழுபத்தொரு குறுஞ்செய்திகள். எல்லாம் ரொறன்ரோவிலிருந்து என் அண்ணன் அனுப்பியவை. என்னிலும் பன்னிரண்டு வயது மூத்தவர். தொண்ணூறுகளின் நடுப்பகுதியிற் போனவர் திரும்பி வரவில்லை. 2012இல் அவருக்குப் புற்றுநோய் கண்டது. பேசினாற் களைக்கும் என்று, ஆஸ்பத்திரியில் நித்திரை வராத வேளைகளிலே குறுஞ்செய்தி எழுதத் தொடங்கினார். 2013 ஆடி மாதத்திற் காலமானார். போனுக்குள் இடம் நிறையும்போதெல்லாம் நான் பிறருடைய செய்திகளை ஒவ்வொன்றாக அழித்து அவருடையவற்றை மட்டும் வைத்துக்கொண்டேன். பழைய நூல்களிலே தொகுத்தோர், தொகுப்பித்தோர் என்று பெயர் சொல்வோமல்லவா? தொகுப்பித்தவர் இல்லாமலேயே ஒரு தொகை என்னிடம் சேர்ந்துவிட்டது.

அன்றிரவே ஒரு நாற்பது தாட் கொப்பியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இறங்கு விசை இல்லாதபடியால் ஏறு விசையை அழுத்தினேன். அழுத்தியவுடன் பட்டியலின் அடிக்குப் போயிற்று. அங்கிருந்து மேலே மேலே வரவேண்டும். அதனால், முதற் செய்தியிலிருந்து கடைசிச் செய்தி வரை, அவர் எழுதிய வரிசையிலேயே வாசிக்க நேர்ந்தது. ஒரு விரல் திரையை அழுத்திக்கொண்டிருக்க, மறுகை எழுதியது.

அப்போதுதான் உண்மையான தொல்லை தொடங்கியது. செய்திகள் தமிழ்ச் செய்திகள்; எழுத்தோ ஆங்கில எழுத்து. அந்தப் போனுக்குத் தமிழ் தெரியாது. அவருடைய போனும் அந்நாளில் அப்படித்தான். இதற்கு ஒரு வரலாறு உண்டு. 1985ஆம் ஆண்டளவில் ஜேர்மனியரான பிரீட்ஹெல்ம் ஹில்லபிராண்ட் என்பவர் தட்டச்சுப் பொறியிற் பலவகை வாக்கியங்களை அடித்து எண்ணிப் பார்த்து, ஒரு செய்திக்கு 160 எழுத்துப் போதும் என்று கண்டார். தபாலட்டைகளிற் பெரும்பாலானவை அந்த அளவுக்குள் அடங்கின என்பதும் அவருக்குச் சான்றாயிற்று. அந்த 160 ஆங்கில எழுத்துக்கு உரியது. தமிழில் எழுதினால் ஒரு செய்திக்கு 70 இடம் மட்டுமே. அதிலும் 'இலக்கியம்' என்ற சொல் நமக்கு ஆறெழுத்து, பொறிக்கு ஒன்பது. புள்ளியையும் விசிறியையும் தனித்தனி எழுத்தாக எண்ணிக்கொள்ளும். ஏடெழுதினோர் ஓலை கிழியும் என்று அஞ்சிப் புள்ளியை விட்டார்கள். இங்கே புள்ளிக்கும் காசு.

எழுதினவருக்குச் சிக்கனம், பெயர்த்தெழுதுகிறவனுக்குச் சங்கடம். லகர ழகர ளகரம் மூன்றுக்கும் ஓரெழுத்து. ரகர றகரத்துக்கு ஓரெழுத்து. குறிலா நெடிலா என்பது வாசிப்பவன் பாடு. நம்முடைய பழைய ஏடுகளும் இப்படித்தான் இருந்தன. மெய்க்குப் புள்ளியில்லை, எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் வரிவடிவில் வேறுபாடில்லை, காலும் ரகரமும் ஒன்றுபோல் இருக்கும். சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1887இற் கலித்தொகையை அச்சிட்டபோது, தொட்டால் உதிரும் நிலையிலிருந்த ஏடுகளின் கதியை நினைந்து பதிப்புரையில் வருந்தி எழுதினார். மாணவருக்கு அதை எத்தனையோ தடவை படிப்பித்திருக்கிறேன். ஆனால் மங்கிக்கொண்டிருக்கும் திரையொன்றை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஒரு சொல்லை மூன்றுவிதமாக வாசித்துப் பார்த்தபோதுதான் அந்த வருத்தத்தின் கனம் எனக்குப் பிடிபட்டது.

சில இடங்கள் சிரிப்பூட்டின. காலில் நோ என்பதை ஒருமுறை 'கால் நோ' என்று சுருக்கி எழுதியிருந்தார். என், ஓ என்ற இரண்டெழுத்தை நான் ஆங்கிலத்து 'நோ' என்று வாசித்து, காலில் ஒன்றும் இல்லையாக்கும் என்று எண்ணி, 'சந்தோசம் அண்ணா' என்று பதில் எழுதிவிட்டேன். "மடையா, நோகுது எண்டெல்லோ எழுதினனான்" என்று உடனே வந்தது. அதன் பிறகு அவர் அந்தச் சொல்லை எழுதவேயில்லை. உளைவு என்று இரண்டு தடவை எழுதினார். ஒருதரம் ஆங்கிலச் சொல்லையே போட்டார்.

எழுபத்தொராவது செய்திக்கு வந்தேன். அவர் காலமாவதற்கு ஒன்பது நாள் முன்னர் வந்தது. 'தம்பி இனி வலி இல்லை. அம்மாவிடம் சொல்லு.' இதுதான் செய்தி. வந்த அன்றைக்கு நான் இப்படித்தான் வாசித்தேன். அம்மாவுக்கும் அப்படியே சொன்னேன். "நோ இல்லையாம் அம்மா." அவ கையைக் கூப்பிக்கொண்டு கோயிலுக்குப் போனா.

பதினொரு ஆண்டு கழிந்து அதே வரியைத் தமிழெழுத்தில் எழுதப் போனபோது பேனா நின்றுவிட்டது. திரையில் இருந்தது வீ, ஏ, எல், ஐ என்ற நான்கெழுத்து. அது வலியாகலாம், வழியுமாகலாம். இனி வலி இல்லை. இனி வழி இல்லை.

பதிப்பாசிரியர்கள் செய்வதைச் செய்து பார்த்தேன். முதலிற் சொல்லாட்சி. யாழ்ப்பாணத்தான் 'வலிக்கிறது' என்று சொல்வதில்லை, 'நோகுது' என்பான். எழுபது செய்திகளில் ஓரிடத்திலாவது அண்ணன் அந்தப் பொருளில் 'வலி' என்று எழுதவில்லை. இங்கிருந்து போன சொந்தக்காரர் ஒருவருக்குத் தம் வீட்டுக்கு வரும் வழியைச் சொன்ன செய்தியொன்றிலோ, இதே நான்கெழுத்தை 'வழி' என்ற பொருளில் ஆண்டிருக்கிறார். அடுத்து இடம். முதல்நாட் செய்தியில், நல்லூர்த் தேர் இம்முறை எப்போது என்று கேட்டிருந்தார். வரவேண்டும் என்ற ஆசை அதில் இருந்தது. இவ்விரண்டையும் கொண்டு பார்த்தால் 'வழி' என்பதே பாடமாகிறது. ஆனால் அதற்கும் முதல்நாட் செய்தியிலே, டொக்ரர்மார் புது மருந்து ஏற்றத் தொடங்கிவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறார். அந்த மருந்து நோவைத் தணித்திருக்கும். நோ என்று எழுதினால் இந்த மடையன் பிழையாக வாசிப்பான் என்று, தமிழ்ப் படங்களிற் கேட்ட 'வலி'யை எனக்காகத் தேடிப் போட்டிருக்கவும் கூடும். கனடாவிலே தமிழகத்தாரோடு பழகினவருக்கு அது புதுச் சொல்லுமன்று. 'அம்மாவிடம் சொல்லு' என்பது எந்தப் பாடத்துக்கும் பொருந்துகிறது.

தூது இலக்கியங்களிலே குயிலும் கிளியும் நாகணவாய்ப்புள்ளும் செய்தி கொண்டு போகின்றன. சிங்களத்திலும் இந்த மரபு உண்டு. பதினைந்தாம் நூற்றாண்டுக் கோகில சந்தேசத்திலே ஒரு குயில் தெற்கே தெய்வந்துறையிலிருந்து புறப்பட்டு, யாழ்ப்பாணத்திலிருந்த சப்புமல் குமாரயனிடம், நாம் செண்பகப் பெருமாள் என்று சொல்பவரிடம், வருகிறது. அந்தப் பறவைகள் வாயாற் சொல்பவை. லகர ழகர மயக்கத்துக்கு அங்கே இடமில்லை. அன்றைக்கு ஒரு கோல் எடுத்து, "அண்ணா, என்ன எழுதினனீங்கள்?" என்று கேட்டிருந்தால் நான் இந்த ஆராய்ச்சி செய்ய வேண்டியிருந்திராது. சந்தேகம் இருந்தால்தானே கேட்பது!

இனிப் புதுப் போன் வாங்கிய கதையைச் சொல்கிறேன்.

கடையில் நின்ற பெடியன் கமராவைப் பற்றியும் மெமறியைப் பற்றியும் ஒரு பாட்டம் சொன்னான். விலை சில போன்களுக்கு என் ஒரு மாதச் சம்பளத்தை விழுங்கிவிடும்போல் இருந்தது. சாதாரண பட்டன் போனொன்றையே மறுபடியும் வாங்கிவிடலாமா என்றும் யோசித்தேன். பற்றரி நாட்கணக்கில் நிற்கும், விழுந்தாலும் பயமில்லை. ஆனால் கடையிலிருந்தவற்றில் ஒன்று தமிழைக் கட்டம் கட்டமாகக் காட்டியது. மற்றொன்று காட்டியது, எழுத விடவில்லை. ஆகவே தொடுதிரைக்கே போக வேண்டியதாயிற்று.

"தமிழிலை எழுதலாமோ?" என்று கேட்டேன்.

"அது லேசு, சேர். இங்கிலீசிலை அடியுங்கோ, அதுவே தமிழாக்கித் தரும். ஒரு சொல் சொல்லுங்கோ பாப்பம்."

நான் அந்த நான்கெழுத்தைச் சொன்னேன். பெடியன் அடித்தான். திரையின் அடியில் வலி, வழி, வாளி என்று சொற்கள் வரிசையாக வந்து நின்றன.

"எது வேணும், சேர்?" என்றான்.

அந்த வசதி எனக்கு வேண்டாம் என்றேன். தமிழெழுத்துக்களே நேராக நிற்கும் விசைப்பலகை இருக்கிறதா என்று விசாரித்தேன். இருந்தது. 1999இல் தமிழகத்தில் வகுத்த தமிழ்99 என்ற முறையும் அதற்குள்ளேயே கிடந்தது. ழகரத்தை ஒரு தொடுகையில் எழுதலாம். நடுத்தர விலையில் ஒன்றை வாங்கினேன். வாங்குமுன் *#06# என்று அடித்து, வரும் 15 இலக்கங்கள் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிற் பதிவானவையா என்று பார்த்துக்கொள்ளும்படி மூத்த மகன் சொல்லிவிட்டிருந்தான், அதையும் பார்த்தேன். கண்ணாடி உடையாதிருக்க ஓர் உறையும் வாங்கவேண்டி வந்தது. பழையதற்கு அந்தச் செலவு இருந்ததேயில்லை.

என் மாணவர் பலர், தமிழெழுத்து நன்றாக வரக்கூடிய போன்களை வைத்துக்கொண்டே ஆங்கில எழுத்தில் எனக்குச் செய்தி அனுப்புகிறார்கள். விரல் அதற்குப் பழகிவிட்டது என்கிறார்கள். முன்பெல்லாம் கோபித்துக்கொள்வேன். இப்போது, ஐயமான சொல் ஏதும் வந்தால் உடனே கோல் எடுத்துக் கேட்டுவிடுகிறேன். "என்ன சேர், இதுக்குப் போய்" என்று அவர்களுக்கு வியப்பாக இருக்கிறது.

கொப்பி எழுதி முடிந்தது. எழுபது செய்திகள் தமிழெழுத்தில் இருக்கின்றன. கடைசிச் செய்தியில் மட்டும் அந்த நான்கு ஆங்கில எழுத்தையும் இருந்தபடியே இட்டு, அடிக்குறிப்பாக இரண்டு பாடத்தையும் எழுதி வைத்திருக்கிறேன். சென்ற மாதம் அம்மா முழுவதையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டா. அவவுக்கு எண்பத்தொரு வயது. கடைசிச் செய்திக்கு வந்தபோது, அன்றைக்கு வாசித்தபடியே வாசித்தேன். கேட்டுவிட்டுச் சற்றுநேரம் பேசாமல் இருந்தா. பிறகு, "அவன் தேருக்கு வாறனெண்டு கேட்டவன், என்ன?" என்றா.

பழைய போன், பற்றரி கழற்றியபடி, அலுமாரியில் இருக்கிறது.