மூன்று அடுக்கும் ஒரு நூலும்



வண்ணத் துண்டுகளை இணைத்த மேல்துணி, நடுவே பஞ்சு, கீழே உள்துணி ஆகிய மூன்றையும் சேர்த்து ஊசியால் ஓட்டி எடுக்கும் ஒட்டுத்துணிப் போர்வையை, அமெரிக்கர்கள் க்வில்ட் என்று வழங்கும் அந்தப் போர்வையை, நேயர்களில் பலர் கண்டிருப்பீர்கள். ஆகையால் அதன் பூர்வோத்தரத்தை விவரித்துப் பொழுதைக் கழிக்க நான் விரும்பவில்லை. டெக்சாஸ் மாநிலத்தில் குடியேறிய சில ஆண்டுகளுக்கெல்லாம் இந்தக் கலையைக் கற்றுக்கொண்டு, பிறகு கற்பிக்கவும் தொடங்கி, கண்காட்சிதோறும் கடை விரித்துத் துணியும் ஊசியும் விற்று வருகிற எனக்கு, இத்தனை வருஷ அனுபவத்தில் மனத்தில் ஊன்றிப்போன விஷயம் ஒன்று உண்டு. போர்வையின் ஜீவன் மேல்துணியின் சித்திரத்தில் இல்லை. மூன்று அடுக்கையும் பிணைக்கும் கைத்தையலில் இருக்கிறது. மேல்துணியில் இல்லை, கைத்தையலில் இருக்கிறது. இதைச் சொல்வதற்காகவே இன்று வந்திருக்கிறேன்.

தையற்கலைக் கண்காட்சி என்பது எங்களுக்கு ஒரு திருவிழா. திறப்பதற்கு முதல் நாளே போய், துணிச் சுருள்களை வண்டியிலிருந்து இறக்கி, மடக்கு மேசைகளின் மேல் நிறவரிசையாக நிறுத்தி, சிமெண்டுத் தரையில் பொழுதெல்லாம் நின்றால் கால் கடுக்குமே என்று மேசைக்குப் பின்னால் ரப்பர் விரிப்பு ஒன்றையும் போட்டுக்கொண்டு நிமிரும்போது இரவு வெகுநேரம் ஆகிவிடும். மறுநாள் காலை 8 மணிக்கு வகுப்பு. வகுப்பு முடிந்ததும் கடைக்கு ஓட்டம். நான் இல்லாத வேளையில் என் கணவரும் நாத்தனாரும் வியாபாரத்தைப் பார்த்துக்கொள்வார்கள். கால் கெஜத் துணியைக் குறுக்கே வெட்டினால் 9 அங்குல அகலத்தில் நீண்ட பட்டைதான் கிடைக்கும். அரை கெஜமாக வெட்டி அதை நடுவில் இரண்டாக்கினாலோ 18-க்கு 22 அங்குலத்தில் அகன்ற துண்டு கிடைக்கும். பரப்பு ஒன்றுதான், ஆனால் பெரிய பூப்போட்ட துணியில் ஒரு பூவை முழுசாக எடுக்க வேண்டுமென்றால் இரண்டாவதுதான் உதவும். இப்படி வெட்டிய துண்டுகளை நூற்றுக்கணக்கில் மடித்து நாடா கட்டி அடுக்குவதில் என் நாத்தனாருக்கு ஈடு கிடையாது.

கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கேட்கும் முதற் கேள்வி, 'எத்தனை நாளில் முடிக்கலாம்?' என்பதுதான். இந்தக் கேள்விதான் இன்றைய நாகரிகம். இரண்டரை அங்குலப் பட்டைகளாக ஆலையிலேயே வெட்டிச் சுருட்டி வைத்த கட்டுகளை வாங்கி, ஒரு சனிக்கிழமையில் மேல்துணியைத் தைத்து முடித்து, மிச்ச வேலையை நீண்ட மேசை கொண்ட பெரிய இயந்திரம் வைத்திருப்பவரிடம் கொடுத்துவிட்டால், கணிப்பொறி ஒன்று அந்த ஊசியை நடத்திப் போர்வை முழுதும் ஒரே கொடியை ஒரே அச்சாக ஓட்டித் தந்துவிடுகிறது. இயந்திரத்தின் மேல் எனக்குப் பகை இல்லை. 1979-இல் ஜப்பானியர் கொண்டுவந்த சக்கரக் கத்தி என் மணிக்கட்டைக் காப்பாற்றிய சாதனம். 1989-இல் கென்டக்கி மாநிலத்துப் படூகா நகரக் கண்காட்சியில், இயந்திரத்தால் ஓட்டிய போர்வைக்கு முதல் தடவையாகத் தலைப்பரிசு கிடைத்தபோது பெரிய சர்ச்சை எழுந்தது. அதைச் செய்த காரல் பிரையர் ஃபாலர்ட் இயந்திரத்தைத் தம் சொந்தக் கையாலேயே நடத்திய உயர்ந்த கலைஞர் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் தைத்தவர் கை எங்குமே படாத போர்வையைக் காணும்போது, பேச்சு மூச்சில்லாத வீட்டுக்குள் நுழைந்ததுபோல் என் மனம் துணுக்குறுகிறது.

கைத்தையலின் நுணுக்கத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். ஊசி குட்டையாக இருக்க வேண்டும். இந்த ஊசிகளில் எண் ஏற ஏற நீளம் குறையும். நூல் ஒரு முழத்துக்கு மேல் வேண்டாம். நுனியில் சின்ன முடிச்சுப் போட்டு, தைக்கத் தொடங்கும் இடத்துக்கு ஓர் அங்குலம் தள்ளி மேல்துணியில் மட்டும் ஊசியைச் செருகி எடுத்து, நூலை வெடுக்கென்று இழுத்தால், டப் என்ற மெல்லிய ஓசையோடு முடிச்சு உள்ளே போய்ப் பஞ்சில் சிக்கிக்கொள்ளும். மேலேயும் தெரியாது, கீழேயும் தெரியாது. பிறகு, தையற்காரர் அங்குஸ்தான் என்று சொல்லும் விரற்கவசத்தை நடுவிரலில் மாட்டி, அதன் குழியில் ஊசியின் காதைப் பொருத்தி, ஊசியைச் செங்குத்தாக நிறுத்தி இறக்க வேண்டும். அடிக்கையின் விரலில் ஊசிமுனை பட்டும் படாமலும் உறைத்த கணத்திலேயே, மேற்கை ஊசியைப் படுக்கச் சாய்க்க, கட்டைவிரல் எதிர்ப்புறத்துத் துணியை அமுக்க, அடிவிரல் கீழிருந்து மேடு கொடுக்க, முனை மேலே எட்டிப் பார்க்கும். உடனே நிமிர்த்து, மறுபடி இறக்கு, மறுபடி சாய். தொட்டில்போல் ஊசி ஆட வேண்டும். நான்கு தையல் சேர்ந்ததும் ஒரே இழுப்பில் நூலை இழுத்துக்கொள்ளலாம். இதில் கண்ணுக்கு வேலை குறைவு. பார்ப்பதெல்லாம் அடிவிரல்தான். நன்றாகக் கவனியுங்கள்: பார்ப்பது அடிவிரல்.

ஒருமுறை ஒரு கண்காட்சியில் என் வகுப்புக்கு ஒதுக்கிய அறையில் வெளிச்சம் மிகவும் மங்கல். கட்டணம் செலுத்தி வந்த 18 பேரும் துணியை முகத்தருகே தூக்கிப் பிடித்துக்கொண்டு திணறினார்கள். வேறு அறை கேட்டேன், கிடைக்கவில்லை. மனம் நொந்து திரும்பிய நான், வேறு வழி தோன்றாமல், கண்ணை மூடிக்கொண்டே தைக்கும்படி அவர்களைக் கேட்டுக்கொண்டேன். வெகுகாலம் மருத்துவமனையில் தாதியாக ஊழியம் செய்து ஓய்வு பெற்ற மூதாட்டி ஒருவர், நாடி பிடித்துப் பழகிய விரல்களோ என்னவோ, ஐந்தே நிமிஷத்தில் தொட்டில் அசைவைப் பிடித்துவிட்டார். அவர் துணியை வாங்கிப் பார்த்தேன். தையலுக்கும் இடைவெளிக்கும் அளவு ஒன்றாகவே இருந்தது. அன்று முதல் விளக்கு எவ்வளவு பிரகாசமாக எரிந்தாலும் என் வகுப்பில் முதல் கால் மணி நேரம் கண்ணை மூடித்தான் தைக்கிறோம்.

இனி என் மனத்துக்கு மிகவும் உகந்தவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2002-இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில், அலபாமா மாநிலத்து ஜீஸ் பெண்ட் என்னும் சிற்றூரின் கறுப்பினப் பெண்கள் தைத்த போர்வைகளைச் சுவர்களில் மாட்டியிருந்தார்கள். அலபாமா நதி மூன்று பக்கமும் வளைத்துக்கொண்ட ஊர் அது. அடிமைகளாக அங்கே கொண்டுவரப்பட்டவர்களின் சந்ததியார், பண்ணை முதலாளியின் பெட்வே என்ற பெயரையே குடும்பப் பெயராகச் சுமந்து வாழும் ஊர். 1960-களில் அவர்கள் வாக்குரிமை கேட்டுக் கிளர்ந்த காலத்தில் நின்றுபோன ஓடப் போக்குவரத்து, 2006-இல்தான் திரும்ப வந்தது. மரக்கட்டை வீடுகளின் இடுக்கு வழியே குளிர் புகுந்ததனால், உழைத்துத் தேய்ந்த கால்சட்டைகளையும் மாவு மூட்டைத் துணியையும் கிழித்து அவர்கள் போர்வை தைத்தார்கள்.

அவற்றுள் மிசூரி பெட்வே 1942-இல் தைத்த ஒரு போர்வையின் எதிரே நான் வெகுநேரம் நின்றேன். கணவர் இறந்த பின்பு, வயலில் அவர் உடுத்தி உழைத்த துணிகளையே, மகள் ஆர்லோன்சியா கூட இருந்து கிழித்துத் தர, கட்டம் கட்டமாக இணைத்து, அவரை நினைத்துப் போர்த்திக்கொள்வதற்காக அந்த அம்மையார் தைத்தது அது. நீலமும் சாம்பலும் தவிர வேறு நிறம் அதிகம் இல்லை. எங்கள் கிராமத்தில் என் பாட்டி, பழம்புடவைகளை நான்காக மடித்து விளிம்பெல்லாம் நூலோட்டித் தொட்டிற் பிள்ளைக்கு விரிப்பாகப் போட்டதை நினைத்துக்கொண்டேன். அவள் கைப்பட்ட புடவையின் மென்மை என் விரலுக்கு இன்றும் தெரியும்.

போட்டி நடுவர்கள் அங்குலத்துக்கு 10 தையல், 12 தையல் என்று எண்ணுகிறார்களே, அந்தக் கணக்கு ஜீஸ் பெண்டில் செல்லாது. அவர்கள் தையல் பெரியது. வரி கோணலாகவும் போகும். ஆனால் தைத்தவளின் கை எவ்வளவு தூரம் எட்டியதோ அவ்வளவு தூரத்துக்கு வரி வளைந்து போவதை அதில் காணலாம். 1966-இல் அந்த வட்டாரத்துப் பெண்கள் கூட்டுறவுச் சங்கம் அமைத்து நகரத்துக் கடைகளுக்குத் தைத்துக் கொடுத்தார்கள்; கடைக்காரர் கேட்ட மாதிரியே, அச்சுப் பிசகாமல் தைக்க வேண்டியிருந்தது. வீட்டுக்குத் தைத்த போர்வைகளில்தான் அவர்கள் தம் போக்கில் கை வீசினார்கள். சியர்ஸ் நிறுவனத்துக்குத் தலையணை உறை தைத்ததில் மிஞ்சிய வரிப்போட்ட கார்டுராய்த் துண்டுகளைக்கூட வீட்டுக்குக் கொண்டுபோய், சதுரத்துக்குள் சதுரமாகக் கூரை வேய்வதுபோல் இணைத்திருக்கிறார்கள். சித்திரம் எளிது, தையல் முரடு, ஆனாலும் நான் கண்ட போர்வைகளில் அவற்றுக்கு மேலானவை இல்லை என்பது என் அபிப்பிராயம்.

தைத்துப் பார்க்க விரும்பும் நேயர்களுக்கு ஒரு வார்த்தை. ஒன்பதாம் எண் குட்டை ஊசி வாங்குங்கள். பத்தாம் எண் பிறகு ஆகட்டும். புதுத் துணி வேண்டாம். துவைத்துத் துவைத்து இளகிய வேட்டி இரண்டு துண்டும், இடையில் வைக்க மெல்லிய பருத்தித் துணியும் போதும். பஞ்சு முதலிலேயே வேண்டாம், ஊசி அதில் திணறும். மூன்றையும் சுருக்கமில்லாமல் விரித்து, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கிப் பெருந்தையல் போட்டுக்கொள்ளுங்கள். ஓரத்திலிருந்து நடுவுக்கு வந்தால் துணி நடுவில் குவிந்துவிடும். முதல் வாரம் அடிவிரல் வலிக்கும். வலிக்கிறதே என்று அந்த விரலுக்கும் உறை மாட்டிவிடாதீர்கள். மாட்டினால் ஊசி வந்த சேதி அதற்குத் தெரியாது.