ஆற்றுக்கும் பங்குண்டு

(முகப்பேரில் நிகழ்ந்த தமிழன்பர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வகுப்பில் ஒருநாள், "நீங்கள் அறிந்த நன்னீர் மீன்களின் பெயர் கூறுக" என்றேன். கட்லா, ரோகு, சிலேபி என்றனர் மாணவர். முன்னிரண்டும் வடபுலத்து ஆறுகளினின்று கொணர்ந்து நம் ஏரிகளில் வளர்க்கப்படுபவை. மூன்றாவது, ஆப்பிரிக்காவினின்று 1952-இல் இந்தியாவிற்குக் கொண்டுவரப்பட்டது. அயிரை, ஆரல், உளுவை, குறவை ஆகியவற்றை ஒருவனும் கூறவில்லை. பிள்ளைகளைக் குறை சொல்லேன். கண் காணாத பொருளின் பெயர் நாவில் எவ்வாறு நிற்கும்? சொற்காப்புப் பேசுகின்ற நாம் ஒன்றை உணர்தல் வேண்டும். சொல் வாழப் பொருள் வாழ வேண்டும். மீன் வாழ ஆறு ஓட வேண்டும்.

இம் முகப்பேருக்குத் தெற்கே, நொளம்பூரை ஒட்டிக் கூவம் செல்கின்றது. கூவம் என்னும் சொல்லுக்குக் கிணறு என்பது பொருள். ஊற்றின் பெயர் தாங்கிய ஆற்றை இன்று மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கின்றோம். 1949-இல் இவ்வாற்றில் 49 வகை மீன்கள் இருந்தன. 1970-களில் அவை 21 ஆகக் குறைந்தன. நூற்றாண்டு முடிவில், நகர்ப்பகுதியில் ஏறத்தாழ ஒன்றும் எஞ்சவில்லை.

கழிவுநீரே இதற்குக் கரணியம் என்பர். அது பாதி உண்மை. மறுபாதி, நன்னீர் வராமை. கேசவரம் அணைக்கட்டில் கொற்றலையாற்றினின்று கூவம் பிரிகின்றது. அங்கு வரும் நீர் பெரிதும் 1944-இல் அமைந்த பூண்டி நீர்த்தேக்கத்தை நோக்கியே போகின்றது. கூவத்தில் எஞ்சி வருவதையும், பூவிருந்தவல்லிக்கு மேற்கே சமீன் கொரட்டூர் அணைக்கட்டு மறித்துச் செம்பரம்பாக்கம் ஏரிக்குத் திருப்புகின்றது. சென்னையின் விடாய் அதனால் தணிந்தது, மறுக்கவில்லை. நாமும் அந்நீரைக் குடித்தவர்களே. ஆயின் ஆற்றுக்கென ஒரு குவளை நீரையும் எவரும் எழுதிவைக்கவில்லை. ஓட்டம் இல்லாத ஆற்றில் வீழும் கழிவு அங்கேயே தங்கி அழுகும். நீரிற் கலந்துள்ள உயிர்வளியை உண்டுவிடும்.

மீனுக்கு வேண்டுவது வெறும் நீரன்று, பருவமறிந்த நீர். புதுவெள்ளம் ஏறும்போது பல மீன்கள் எதிரேறிச் சென்று, கரையோரப் புல்லிடை முட்டையிடும். அவ்வேளை மதகைத் திடுமென மூடினால், நீர்மட்டம் இறங்கி முட்டைகள் கரையிற் காயும். விரால், ஆழங்குறைந்த செடிப்புறத்தில் கூடமைத்துக் குஞ்சுகளைக் காக்கும். அயிரைக்கு மணலும் மெல்லோட்டமும் வேண்டும். கோடையில் மடுக்களிலேனும் ஆழம் நின்றால்தான் அடுத்த மழைவரை இனம் பிழைத்திருக்கும். கழிமுகத்தில் ஆற்றின் விசை குன்றினால் மணல் வாயடைக்கும். கடலினின்று உள்ளேறும் மடவைக்கு வழியிராது.

ஆற்றுக்கு அளவு வகுத்தல் நடவாத செயலன்று. 2018-இல் நடுவணரசு கங்கைக்கு அவ்வாறு வகுத்தது. அரித்துவாரத்திற்கு மேலுள்ள கங்கையில், நிரவல் நீர்வரவில் சூன் முதல் செப்டம்பர் வரை 30 விழுக்காடு, அக்டோபர், ஏப்பிரல், மே திங்கள்களில் 25 விழுக்காடு, நவம்பர் முதல் மார்ச்சு வரை 20 விழுக்காடு ஆற்றிலேயே விடப்படுதல் வேண்டும். நம் காவிரியிலும், 2007-இல் நடுவர் மன்றம் 740 டி.எம்.சி. நீரைப் பங்கிட்டபோது, சூழல் காப்பிற்கு 10 டி.எம்.சி. ஒதுக்கிற்று. 2018-இல் உச்ச முறைமன்றம் மாநிலப் பங்குகளை மாற்றியபோதும் அதனை நீக்கவில்லை. நூற்றுக்கு ஒன்றரையும் தேறாத சிறு பங்கு. எனினும் ஆற்றுக்கும் பங்குண்டு என ஒப்பிய எழுத்து அது. கங்கைக்கும் காவிரிக்கும் உள்ள உரிமை கூவத்திற்கு ஏன் இல்லை?

"குடிநீரா, மீனா?" என்று கேட்பர். கூவம் மழையாறு, ஆண்டு முழுதும் பெருகுக என நாம் கேட்கவில்லை. வரும் நீரில் ஒரு பங்கையே கேட்கின்றோம். அப்பங்கு வீணாகாது, ஆறு ஓடினால் கரையூர்க் கிணறுகள் ஊறும்.

ஆகவே, கேசவரத்திலும் சமீன் கொரட்டூரிலும் ஆற்றுக்கு விடவேண்டிய குறைந்த அளவைத் திங்கள்தோறும் இத்துணை என அரசு வரையறுத்து வெளியிடுக! மதகுகளைப் படிப்படியாகவே மூடுக! கழிவு கலத்தலைத் தடுத்து நிறுத்துக!

நண்பர்களே, பிள்ளைகளோடு ஒருநாள் ஆற்றங்கரைக்குச் செல்லுங்கள். அங்கு வாழ்ந்த மீன்களின் பெயர்களைச் சொல்லிக்கொடுங்கள். அப்பெயர்கள் வெறும் அகரமுதலிச் சொற்களாய் நின்றுவிடாமல் காப்பது நம் கடன்.