பிடித்த பிறகுதான் ஆட்டம்



கபில் பர்மார் என்ற ஜூடோ வீரரைப் பற்றி இன்று சொல்கிறேன். கேளுங்கள்.

மத்தியப் பிரதேசத்தில், போபாலுக்குப் பக்கத்தில் செஹோர் என்ற ஊர் இருக்கிறது. கபில் அந்தப் பக்கத்துப் பிள்ளை. அப்பா டாக்சி ஓட்டினார். சிறு வயதில் ஒருநாள் கபில் வயலில் விளையாடினார். அங்கே தண்ணீர் இறைக்கும் மோட்டாரைத் தொட்டுவிட்டார். மின்சாரம் தாக்கியது. 6 மாதம் நினைவே இல்லை. பிறகு பிழைத்துக்கொண்டார். ஆனால் கண்பார்வை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துபோனது. நம் பிள்ளைகளும் மோட்டார் கொட்டகைப் பக்கம்தானே ஓடுகிறார்கள்! நினைத்தாலே வயிறு கலங்குகிறது.

கபில் அண்ணனோடு சேர்ந்து டீக்கடையில் உழைத்தார். ஜூடோவும் பழகினார்.

ஜூடோ 1882-இல் ஜப்பானில் தொடங்கிய விளையாட்டு. நம் ஊர் மல்யுத்தம் மாதிரி. குத்து கிடையாது, உதை கிடையாது. எதிராளியின் சட்டையைப் பிடித்து, நிலை தடுமாற வைத்து, கீழே வீழ்த்த வேண்டும். முதுகு தரையில் படும்படி பலமாக வீழ்த்தினால் ஆட்டம் அதோடு முடிந்தது.

கண் தெரியாதவர் இதை எப்படி ஆடுவார்?

பார்வை உள்ளவர்கள் தள்ளி நின்று தொடங்குவார்கள். யார் முதலில் பிடிப்பது என்பதே பெரிய போட்டி. பார்வையற்றோர் ஆட்டத்தில் அப்படி இல்லை. இருவரும் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொள்வார்கள். பிறகுதான் நடுவர் தொடங்கச் சொல்வார். பிடி விட்டுப்போனால் ஆட்டத்தை நிறுத்தி, மறுபடியும் பிடிக்கச் சொல்வார். இதைச் சலுகை என்று சிலர் நினைக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எதிராளி எந்தப் பக்கம் சாய்கிறார், எந்தக் காலைத் தூக்குகிறார் என்று பிடித்த கைதான் சொல்ல வேண்டும். மூக்கணாங்கயிற்றைப் பிடித்தவருக்கு மாடு எந்தப் பக்கம் திமிறும் என்று கையிலேயே தெரியும் அல்லவா? அது போல.

2023 அக்டோபரில் சீனாவில் ஆசிய பாரா விளையாட்டுப் போட்டி நடந்தது. கபில் வெள்ளி வென்றார். மறு ஆண்டு பாரிசில் பாராலிம்பிக். அது மாற்றுத்திறனாளிகளுக்கான உலகப் போட்டி. கபில் 60 கிலோ பிரிவில் ஆடினார். அரை இறுதியில் ஈரான் வீரரிடம் தோற்றார். தங்கம் கைவிட்டுப்போனது. வெண்கலத்துக்கு இன்னும் ஓர் ஆட்டம் இருந்தது.

2024 செப்டம்பர் 5. எதிரே பிரேசில் வீரர். இருவரும் பிடித்தார்கள். 33 வினாடிதான். டீ ஆற்றுகிற நேரம்கூட இல்லை. 10-0 என்று கபில் வென்றார்! ஒலிம்பிக்கிலும் சரி, பாராலிம்பிக்கிலும் சரி, அதற்கு முன் ஜூடோவில் இந்தியாவுக்கு ஒரு பதக்கமும் கிடைத்ததில்லை. அந்த ஆண்டுக்கான அர்ஜுனா விருதும் கபிலுக்குக் கிடைத்தது.