சோறு குறையட்டும், வயிறு நிறையட்டும்

(திருவிழாவையொட்டி ஆலய மண்டபத்தில் நிகழ்த்தப்பெற்ற உடல்நலச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

அன்னதானக் கூடத்திற்கு அருகில் நின்றுகொண்டு சோற்றைக் குறைப்பது பற்றிப் பேசுவது சற்றுத் துணிச்சலான செயல்தான். ஆயினும் நம்மவரிடையே இனிப்புநீர் நோய் பரவியிருக்கும் அளவு, இதைப் பேசாமலிருக்க விடவில்லை. மலேசியாவின் தேசிய சுகாதார ஆய்வின்படி, பெரியவர்களில் நீரிழிவு உடையோர் 2019ஆம் ஆண்டில் 18.3 விழுக்காட்டினர், 2023இல் 15.6 விழுக்காட்டினர். இரண்டு ஆய்வுகளிலும் பிற இனத்தாரைவிட இந்தியர்களிடையேதான் இந்நோய் மிகுந்து காணப்பட்டது.

மருத்துவர், "சோற்றைக் குறையுங்கள்" என்கிறார். வீடு திரும்பும் அன்பர் மூன்று நாள்கள் குறைக்கிறார். நான்காம் நாள் பசி வாட்டுகிறது. ஐந்தாம் நாள் பழைய அளவே இலைக்கு வந்துவிடுகிறது. "எனக்கு மனவுறுதி இல்லை" என்று அவர் தம்மையே நொந்துகொள்கிறார். குறை அவருடைய மனத்தில் இல்லை, இலையில் இருக்கிறது. சோற்றை எடுத்தாரே தவிர, அந்த இடத்தில் வேறெதையும் வைக்கவில்லை. வெற்றிடத்தை வயிறு பொறுத்துக்கொள்வதில்லை. இன்று நான் சொல்ல வந்தது இதுவே.

சோற்றின்மீது கொண்ட பற்று

நம் முன்னோர் விடியுமுன் எழுந்து ரப்பர்க் காட்டுக்கு நடந்தவர்கள். நிரை நிரையாய் மரம் சீவி, பால் சுமந்து உழைத்த உடல் அவர்களுடையது. உண்ட சோறு உழைப்பிலேயே கரைந்தது. 1942 முதல் 1945 வரை நீடித்த ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் அரிசி அரிதாகி, மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிர் காத்தார்கள். அந்தத் தலைமுறைக்குச் சோறு என்பது வெறும் உணவன்று. அது வாழ்வு மீண்டதன் அடையாளம். "இன்னும் ஒரு பிடி வைத்துக்கொள்" என்று பாட்டி சொன்னது அன்பின் மொழி. அதை நாம் மதிக்கிறோம். ஆனால் நாற்காலியில் அமர்ந்து பணியாற்றும் பேரனின் உடலுக்கு அந்த அளவு தேவையில்லை என்பதையும் உணர வேண்டும்.

வயிறு நிறைவது எவ்வாறு?

உணவின் பருமனால் இரைப்பை விரியும்போது நரம்பு வழியே மூளைக்குச் செய்தி செல்கிறது. புரதமும் கொழுப்பும் குடலை அடையும்போது, "போதும்" என்று உணர்த்தும் சுரப்பு நீர்கள் வெளிப்படுகின்றன. இவை வேலை செய்யச் சுமார் 20 நிமிடங்கள் ஆகும். பத்து நிமிடத்தில் உண்டு முடிப்பவர், செய்தி வந்து சேருமுன்பே இரண்டாம் முறை சோறு வாங்கிவிடுகிறார்.

1995ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் சிட்னிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 38 உணவுகளைச் சம அளவு கலோரியில் கொடுத்து, எது அதிக நிறைவு தருகிறது என்று ஆராய்ந்தார்கள். வெள்ளை ரொட்டியைவிட மீன் இரு மடங்குக்கும் மேலாகவும், முட்டை ஒன்றரை மடங்காகவும் நிறைவு தந்தன. எல்லாவற்றிலும் முதலிடம் பெற்றது அவித்த உருளைக்கிழங்கு! மாவுச்சத்து உள்ளதெல்லாம் பசியைத் தூண்டும் என்றோ, மாவுச்சத்து இல்லாததெல்லாம் வயிற்றை நிறைக்கும் என்றோ எண்ணிவிடக் கூடாது என்பதற்கு இது சான்று. புரதம், நார், நீர், பருமன் ஆகியவை சேர்ந்தே நிறைவைத் தருகின்றன. ஆயினும் உருளைக்கிழங்கு இரத்தச் சர்க்கரையை விரைவாக உயர்த்துமாதலால், நீரிழிவு உடையோர் அதனை அளவோடுதான் உண்ண வேண்டும்.

பசியாறல் பசியை ஆற்றுகிறதா?

காலை உணவைப் "பசியாறல்" என்று அழைக்கும் அழகிய வழக்கம் நம்மிடம் உள்ளது. ஆனால் இரண்டு ரொட்டி சானாயும் கெட்டிப்பால் கலந்த தேநீரும் உண்மையில் பசியை ஆற்றுகின்றனவா? கெட்டிப்பாலில் பாதிக்கு மேல் சர்க்கரை. ரொட்டியோ வெள்ளை மாவு. இரத்தச் சர்க்கரை விரைந்து ஏறுகிறது. பலருக்கு இரண்டு மூன்று மணி நேரத்தில் சரிந்து இறங்குகிறது. பத்து மணிக்கே கை பலகாரத்தைத் தேடுகிறது. அதற்கு மாறாக இரண்டு முட்டைகளில் சுமார் 12 கிராம் புரதம் உண்டு. மாவுச்சத்து மிகச் சொற்பம். சைவ அன்பர்கள் முட்டைக்குப் பதிலாகத் தெம்பே உண்ணலாம். 100 கிராம் தெம்பேயில் ஏறத்தாழ 19 கிராம் புரதம் இருக்கிறது. அதனுடன் கீரையோ வெள்ளரிக்காயோ சேர்த்து, சர்க்கரையில்லாத தேநீர் பருகினால் நண்பகல் வரை வயிறு அமைதியாக இருக்கும்.

இலையை மாற்றி அமைப்போம்

ஒரு கோப்பை வெள்ளைச் சோற்றில் சுமார் 45 கிராம் மாவுச்சத்தும் 4 கிராம் புரதமும் உள்ளன. நாரோ ஒரு கிராமுக்கும் குறைவு. ஒரு கோப்பை அவித்த கொண்டைக்கடலையிலும் மாவுச்சத்து அதே 45 கிராம்தான். ஆனால் புரதம் 14 கிராமுக்கு மேல், நார் 12 கிராம். ஆகவே ஒரு கோப்பைச் சோற்றை எடுத்துவிட்டு அரைக் கோப்பைக் கடலை வைத்தால், மாவுச்சத்து பாதியாகக் குறைகிறது. புரதமும் நாரும் கூடுகின்றன. நாளொன்றுக்கு 130 கிராமுக்குக் குறைவானதையே பொதுவாக மாவுச்சத்து குறைந்த உணவு என்பர். மூன்று கோப்பைச் சோறே அந்த எல்லையைத் தாண்டிவிடும்.

எனவே இலையில் பாதி இடம் காய்கறிக்கும் கீரைக்கும் உரியதாகட்டும். பயற்றங்காய், முட்டைக்கோஸ், பாகற்காய், கங்கோங் எல்லாம் நம் சந்தையிலேயே கிடைக்கின்றன. கால் பங்கு புரதத்திற்கு. எஞ்சிய காலில் சோறு. மலேசிய சுகாதார அமைச்சு பரிந்துரைக்கும் தட்டு முறையும் இதை ஒத்ததே. மேலும் குறைக்க விரும்புவோர் சோற்றின் இடத்தைக் காய்கறிக்கே கொடுக்கலாம். எண்ணெயும் நெய்யும் தேங்காய்ப்பாலும் சுவையும் நிறைவும் தருமென்றாலும், கொழுப்பு ஒரு கிராமுக்கு 9 கலோரி கொண்டது. கரண்டியில் அளவு வேண்டும்.

உண்ணும் வரிசையும் முக்கியம். 2015இல் நியூயார்க்கிலுள்ள வைல் கார்னெல் மருத்துவக் கல்லூரியினர் நீரிழிவு உடைய 11 பேரைக் கொண்டு ஒரு சிறிய ஆய்வு நடத்தினர். காய்கறியையும் புரதத்தையும் முதலில் உண்டு, 15 நிமிடம் கழித்து மாவுப்பொருளை உண்டபோது, ஒரு மணி நேரத்திற்குப் பின் இரத்தச் சர்க்கரை ஏறத்தாழ 37 விழுக்காடு குறைவாக இருந்தது. உணவு அதே உணவுதான். முறை மட்டுமே மாறியது.

எது பசி, எது பசியன்று?

மாவுச்சத்தைக் குறைத்த முதல் சில நாள்களில் உடலிலிருந்து நீர் மிகுதியாக வெளியேறும். களைப்பும் தலைவலியும் தோன்றலாம். அதைப் பசியென்று கருதாமல் முதலில் நீர் அருந்துங்கள். கடிகாரத்தைக் கண்டு வரும் பசியும், பலகாரத்தைக் கண்டு வரும் பசியும் சற்றுப் பொறுத்தால் தணிந்துவிடும். முன் உண்டது செரித்த பின்னரே உண்க என்னும் நெறியைத் திருக்குறளின் "மருந்து" அதிகாரம் நமக்கு என்றோ கற்பித்துவிட்டது.

ஆனால் ஓர் எச்சரிக்கை. இன்சுலின் ஊசியோ, சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரையோ எடுப்பவருக்கு உடல் நடுங்கி, வியர்த்து, திடீரெனக் கடும் பசி எடுத்தால் அது பொறுத்துக்கொள்ள வேண்டிய பசியன்று; இரத்தச் சர்க்கரை தாழ்ந்ததன் அறிகுறி. உடனே மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கலந்து பருக வேண்டும். இத்தகையோரும், சிறுநீரக நோயாளிகளும், கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கலந்தாலோசித்த பின்னரே உணவை மாற்ற வேண்டும். விரதம் இருக்க எண்ணும் நோயாளிகளுக்கும் இது பொருந்தும். பகலெல்லாம் பட்டினி கிடந்து இரவில் சோறும் பாயசமுமாக உண்பது நோன்பின் பயனையே கெடுத்துவிடும்.

நிர்வாகத்தினருக்கு ஒரு விண்ணப்பம்

பசிப்பிணி தீர்ப்பது நம் சமயத்தின் தலையாய அறம். அந்த அறம் உண்டவரின் நோயைப் பெருக்காமலும் இருக்கட்டும். அன்னதானத்தில் காய்கறியையும் சுண்டலையும் முதலில் பரிமாறலாம். சோற்றைச் சிறு கரண்டியால் வைத்து, கேட்டவருக்கு மீண்டும் வழங்கலாம். ரோஜா சிரப்புக்குப் பக்கத்தில் குளிர்ந்த நீரும் மோரும் இருக்கட்டும். சர்க்கரைப் பொங்கல் இறைவனின் பிரசாதம்; அதை எவரும் மறுக்க வேண்டியதில்லை. ஒரு சிறு கரண்டி பெற்றுக் கண்ணில் ஒற்றி உண்டாலும் அருள் முழுமையானதே. "வேண்டாம், போதும்" என்று கூறும் அன்பரை வற்புறுத்தாமல் இருப்பதும் நல்ல உபசரிப்புதான்.

இறைவன் உறையும் திருக்கோயிலாகிய இவ்வுடலைப் பேணி, நீண்ட நாள் திருத்தொண்டாற்ற எல்லாம்வல்ல பரம்பொருள் அனைவருக்கும் அருள் புரிவதாக.